வழிமொழிய ஒருவர்

சிவகாமி ஜெயிப்பார் என்று சிவகாமியே நினைக்கவில்லை.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷத்தின் கடைசி மாதம் அது. மலாக்கா நகரசபைத் தேர்தலில் காஜா பெராங் வட்டாரத்து ஓட்டுப் பெட்டிகளைப் பள்ளிக்கூட மண்டபத்தில் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தார்கள். வாசலில் பெரிய கட்சியின் ஆட்கள் மாலையோடு தயாராக நின்றார்கள். சிவகாமி ஓர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, காலையில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு வந்த அலுப்பில் கண்ணயர்ந்திருந்தார். அவருடைய தேர்தல் ஏஜெண்டான கருணாகரன் தோளைத் தொட்டு எழுப்பினான்.

“மிஸ்ஸி, எழுந்திருங்க. நீங்கதான்.”

“யாரு வீட்டுல?” என்று பதறி எழுந்து காலடியில் தன் பையைத் தேடினார் சிவகாமி.

“பிரசவம் இல்ல மிஸ்ஸி. நீங்க ஜெயிச்சிட்டீங்க.”

சிவகாமி அவனையே பார்த்தார். பிறகு மேசைப் பக்கம் பார்த்தார். தோற்ற வேட்பாளர் மறுபடி எண்ணச் சொல்லி அதிகாரியிடம் கத்திக்கொண்டிருந்தார். மறுபடி எண்ணினார்கள். சிவகாமிக்கு இன்னும் இரண்டு ஓட்டு கூடுதலாகத்தான் வந்தது. கொண்டுவந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் கட்சிக்காரர்கள் அதைக் காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு போனார்கள்.

சிவகாமி செட்டிக் கம்பம் என்கிற கம்போங் செட்டி கிராமத்தில் பிறந்தவர். செட்டிநாட்டிலிருந்து வந்து கடை வைத்த செட்டியார்கள் வேறு, இந்த மலாக்காச் செட்டிகள் வேறு. இவர்களுக்குப் பேர் தமிழ், கும்பிடும் சாமி தமிழ்ச் சாமி, பேச்சு மட்டும் மலாய். நடுநடுவே நாலைந்து தமிழ் வார்த்தை விழும், அவ்வளவுதான். சிவகாமி அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக நீண்ட காலம் இருந்துவிட்டு, வேலையை விட்ட பிறகும் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்தவர். ஊரில் நர்ஸ்களை மிஸ்ஸி என்று கூப்பிடுவது வழக்கம். காஜா பெராங்கில் மிஸ்ஸி என்றால் சிவகாமி ஒருவர்தான். கருணாகரனும் அவரும் பேசிக்கொண்டது எப்போதும் மலாயில்தான். தமிழ் வார்த்தைகளும் அதில் கலந்திருக்கும். இங்கே அதைத் தமிழில் சொல்கிறேன்.

அவர் தேர்தலில் நின்றது அஞ்சலையால்.

காஜா பெராங் சாலைக்குப் பின்னால் ஓர் அகலமான பாரிட் ஓடியது. பாரிட் என்றால் வெட்டி விட்ட கால்வாய். மழை பெய்தால் ஆறு மாதிரி சுழித்து ஓடும். அதற்கு அந்தப் பக்கம் நகரசபைத் தொழிலாளர்களின் லயம், வரிசையாகக் கட்டிய வீடுகள். ரோடு கூட்டுகிறவர்கள், சாக்கடை அள்ளுகிறவர்கள், எல்லாரும் தமிழர்கள். லயத்துக்குப் போக இரண்டு தென்னை மரத் துண்டுகளைக் குறுக்கே போட்டிருந்தார்கள். அந்த வழியாகத்தான் சிவகாமி சைக்கிளைக் கரையில் சாத்திவிட்டுப் போவார்.

தேர்தலுக்கு மூன்று வருஷம் முன்பு ஒரு மழை நாள் மத்தியானம், அங்கே மருதமுத்து என்கிற தொழிலாளியின் பெண்சாதி அஞ்சலைக்குப் பிரசவம் ஆனது. குழந்தை நன்றாகத்தான் பிறந்தது. அதற்குப் பிறகு இரத்தம் நிற்கவில்லை. சிவகாமி ஆள் அனுப்பினார். ஆம்புலன்சும் வந்தது. வந்து, இந்தக் கரையில் எஞ்சினை அணைக்காமல் நின்றது. மரத்துண்டுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. ஸ்ட்ரெச்சரோடு இறங்க ஆஸ்பத்திரி ஆட்களுக்குத் தைரியம் வரவில்லை. மருதமுத்து பெண்சாதியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மார்பளவு தண்ணீரில் இறங்கினான். சிவகாமியும் கூடவே இறங்கி, அவளுடைய தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனார். பாதி பாரிட்டில் அஞ்சலையின் கை சிவகாமியின் கழுத்திலிருந்து நழுவியது. கரையேறியபோது ஆம்புலன்சுக்கு வேலை இல்லை.

ஒரு பாலம் வேண்டும். ஆம்புலன்ஸ் போகிற அகலத்தில். இதைக் கேட்கத்தான் சிவகாமி முதலில் சேதுராமனைப் பார்க்கப் போனார். சேதுராமன் செட்டிநாட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக ஊன்றிய குடும்பம்; பெரிய கட்சியில் செல்வாக்குள்ளவர்; பக்கத்து வட்டாரத்தின் நகரசபை உறுப்பினர்.

“இந்தியர் விஷயமெல்லாம் பார்க்குறதுக்குன்னு ஒருத்தரை நியமனம் பண்ணி வெச்சிருக்கோமே. வக்கீல் கணேசமூர்த்தி. அவர்கிட்ட சொல்லுங்க” என்றார் சேதுராமன்.

வக்கீல் கணேசமூர்த்தியிடம் போனார். அவர் மரியாதையாக உட்காரவைத்து, எல்லாவற்றையும் கேட்டு, “சமயம் பார்த்துச் சொல்றேன்” என்றார். சமயம் வரவேயில்லை.

அடுத்த முறை சேதுராமனிடம் சிவகாமி வேறொன்று கேட்டார்: “அப்ப எங்க வட்டாரத்துல எங்க ஆளு ஒருத்தரை உங்க கட்சியிலேயே நிறுத்துங்களேன்.”

சேதுராமன் சிரித்தார். “மிஸ்ஸி, உங்க வட்டாரத்துல மலாய்க்காரங்க ஓட்டு எவ்ளோ, சீனர் ஓட்டு எவ்ளோ? லயத்துல பாதிப் பேருக்குக் குடியுரிமையே இன்னும் வரல. இந்தியர்னு ஒருத்தரை நிறுத்துனா டெப்பாசிட் கூட மிஞ்சாது.”

இதைக் கருணாகரனின் சைக்கிள் கடையில் வைத்து சிவகாமி சொன்னபோது, சக்கரத்துக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். “நீங்களே நில்லுங்க மிஸ்ஸி. கட்சி வேணாம், ஒண்ணும் வேணாம். சுயேச்சையா நில்லுங்க.”

அவன் சொன்னதற்காகத்தான் நின்றார் என்று சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கே சரியென்றார். குடைச் சின்னம் கிடைத்தது. மேடை போட்டு அவர் பேசவேயில்லை. மலாய்க் கம்பத்திலும் சீனர் கடைத்தெருவிலும் வீடு வீடாகப் போய், அந்த வீட்டில் தான் பிறக்கவைத்த பிள்ளைகளைப் பேர் சொல்லி விசாரித்தார். வாசலில் விடைபெறும்போது மட்டும் “குடைக்குப் போடுங்க” என்றார். பாலம் யாருக்குத் தேவையோ அந்த லயத்தில் பாதிக்கு மேல் ஓட்டில்லாதவர்கள். அவரை ஜெயிக்கவைத்தது, அந்த பாரிட்டைத் தாண்டிப் போகவே தேவையில்லாத மலாய்த் தாய்மார்களும் சீனத் தாய்மார்களும்தான். கருணாகரன் பல நாள் அதை நினைத்து நினைத்து ஆச்சரியப்பட்டான்.

முதல் கூட்டத்துக்கு முன்னால் சேதுராமன் சிவகாமியைத் தாழ்வாரத்தில் பார்த்து வாழ்த்துச் சொன்னார். “பாலம் விஷயம்தானே? கொண்டு வாங்க, பாத்துக்கலாம்” என்றார். போதுமென்று நினைத்தார் சிவகாமி.

பார்வையாளர் பெஞ்சில் கருணாகரனும் அவன் மனைவி ருக்மணியும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில், அரைநாள் லீவு போட்டுவிட்டு வெளுத்த சட்டையில் மருதமுத்து. அவனுக்கு வேலை கொடுக்கிற துரைமார்கள் கீழே உட்கார்ந்திருக்க, தான் மாடியில் அவர்களுக்கு மேலே உட்கார்ந்திருப்பது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. முழங்காலைச் சேர்த்து ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

சிவகாமி கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தி வந்திருந்தார். சபையில் ஒரே பெண் அவர்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்தார். மலாயில் பேசினார். அஞ்சலையின் பேரைச் சொன்னார். பாரிட்டில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று தன் மார்பில் கையை வைத்துக் காட்டினார். ஆம்புலன்ஸ் போகிற பாலம் ஒன்று கட்ட வேண்டும் என்று தீர்மானத்தை முன்மொழிந்து முடித்தார்.

தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார், பிறகு மலாயிலும் கேட்டார்: “வழிமொழிபவர் உண்டா?”

யாரும் எழவில்லை.

கருணாகரன் சேதுராமனைப் பார்த்தான். சேதுராமன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திருகிக் கழற்றினார், திருகி மூடினார். கணேசமூர்த்தியைப் பார்த்தான். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். மலாய் உறுப்பினர்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருவருடைய பேரனைச் சிவகாமிதான் பிறக்கவைத்திருந்தார். அவர் லேசாக அசைந்தார், எழப்போகிறார் என்று கருணாகரன் நினைத்தான். அவர் நாற்காலியைச் சரிசெய்துகொண்டார், அவ்வளவுதான். 

“வழிமொழிய ஆளில்லாததால் தீர்மானம் விழுகிறது” என்றார் தலைவர். “அடுத்தது, பாசார் கூரைக்கு வர்ணம் அடிப்பது பற்றி.”

சிவகாமி நின்றுகொண்டே இருந்தார். தன் காரியம் முடிந்துவிட்டது என்பது அவருக்கு விளங்கவில்லை. அந்தச் சந்தைக் கூரையைப் பற்றி ஒருவர் பேச ஆரம்பித்த பிறகும் நின்றார். “உட்காரலாம்” என்று தலைவர் மெதுவாகச் சொன்னார். அப்போதும் ஒரு நிமிஷம் கழித்துத்தான் உட்கார்ந்தார், யாரோ தோளைப் பிடித்து அமுக்கியது போல.

 தோற்கலாம் என்று கருணாகரன் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான். கைகளை எண்ணுவார்கள், எதிர்ப்பு அதிகமாக இருக்கும், வெளியே வந்து சத்தம் போடலாம், பத்திரிகைக்கு எழுதலாம் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தான். ஒருத்தரும் ஒன்றும் சொல்லாமல் ஒரு காரியத்தைக் கொன்றுவிட முடியும் என்று அவனுக்குத் தெரியாது.

“என்னா அண்ணே சொன்னாங்க?” மருதமுத்து அவன் காதருகே கேட்டான். “வேணான்னுட்டாங்களா?”

“இல்ல.”

“அப்ப ஒத்துக்கிட்டாங்களா?”

“இல்ல.”

“அப்ப என்னாண்ணே?”

 ருக்மணி எழுந்து வெளியே போய்விட்டாள். விழுந்துபோன தீர்மானத்தை ஆறு மாதத்துக்கு மறுபடி கொண்டுவர முடியாது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள்.

அன்று சாயங்காலமே கருணாகரன் வக்கீலின் ஆபீசுக்குப் போனான். கைகால் கழுவாமல், கிரீஸ் விரலோடு போனான்.

“உட்காருங்க கருணாகரன்” என்றார் கணேசமூர்த்தி. எதற்கு வந்திருக்கிறான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“உட்கார வரல ஐயா. ஒரு வார்த்தை. ‘நான் வழிமொழிறேன்’னு ஒரே ஒரு வார்த்தை. உங்களுக்கு என்னா நட்டம்?”

வக்கீல் மேசையில் இருந்த காகிதங்களை நேராக அடுக்கினார். “மிஸ்ஸிக்குப் பின்னால ஓட்டுப் போட்டவங்க இருக்காங்க. எனக்குப் பின்னால யாரு இருக்கா? என்னை உட்கார வெச்சவங்க ஒரு கையெழுத்துல எழுப்பிடுவாங்க. நான் எழுந்துட்டா அந்த நாற்காலி மறுபடி ஒரு இந்தியனுக்கு வராது. அதையும் யோசிக்கணும்ல?”

“யோசிச்சுப் பாத்தேன் ஐயா. நீங்க உட்கார்ந்திருந்தீங்க, ஆனா யாரும் இல்லாத மாதிரிதான் இருந்திச்சு.”

கணேசமூர்த்தியின் முகம் வெளிறியது.  “போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க” என்றார்.

அந்த வாரம் சேதுராமன் ஆரஞ்சுப் பழக் கூடையோடு சிவகாமியின் வீட்டுக்கு வந்தார். கட்சியில் சேர்ந்தால் அடுத்த கூட்டத்திலேயே பாலம் நிறைவேறும் என்றார். தனியாக ஒருவர் அங்கே உட்கார்ந்து என்ன செய்ய முடியும், பார்த்தீர்களே என்றார்.

“எனக்குப் போட்டவங்க உங்க கட்சிய எதிர்த்துப் போட்டாங்க துவான்” என்றார் சிவகாமி. “கட்சி வேணும்னா அவங்க உங்க ஆளுக்கே போட்டிருப்பாங்களே. அவங்களைக் கேக்காம நான் எப்பிடி மாறுறது?”

பழக்கூடையை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. லயத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டார்.

ஆனால் அந்த மௌனம் ஊருக்குள் பரவிவிட்டது. உள்ளே இருந்தவர்களுக்கு அது ஒரு நிமிஷ விஷயம். வெளியே அது கதையாகிவிட்டது. பாசாரில் மீன் விற்கிற மலாய்ப் பெண்கள் சேதுராமனின் வீட்டு வேலைக்காரியிடம் கேட்டார்கள்: எங்கள் மிஸ்ஸி பேசினால் உங்கள் முதலாளிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டதாமே? சீனர் கோப்பிக் கடையில் சேதுராமன் போய் உட்கார்ந்தால் பக்கத்து மேசை அமைதியாகிவிடும், வேண்டுமென்றே. ஆறு மாதம் அவர் அதைப் பொறுத்துக்கொண்டார்.

அதன்பின் மழைக்காலத்துக்கு முன்பு நடந்த கூட்டத்துக்குக் கருணாகரன் கடையைச் சாத்திவிட்டுப் போனான். பெஞ்சு நிறைய லயத்துப் பெண்கள். தீர்மானத்தைச் சிவகாமி மறுபடி கொடுத்திருப்பார் என்று நினைத்துத்தான் எல்லாரும் வந்திருந்தார்கள்.

எழுந்தவர் சேதுராமன்.

லயத்து மக்களின் துயரத்தைத் தன் கட்சி நீண்ட காலமாகக் கவனித்து வருவதாகச் சொன்னார். ஏழைத் தாய்மார்கள் என்றார். ஆம்புலன்ஸ் என்றார். அஞ்சலையின் பேரை மட்டும் சொல்லவில்லை. பாலம் கட்ட வேண்டும் என்று முன்மொழிந்துவிட்டு, கம்பீரமாகச் சுற்றிப் பார்த்தார்.

 “திருட்டுப் பய” என்று கருணாகரன் சொன்னது பெஞ்சு முழுக்கக் கேட்டது.

“வழிமொழிபவர்?” என்றார் தலைவர்.

கட்சி உறுப்பினர் ஒருவர் எழத் தயாராக இருந்தார். அவர் முழங்காலை நிமிர்த்துவதற்குள் சிவகாமி எழுந்துவிட்டார்.

“நான் வழிமொழிறேன்.”

சேதுராமனே திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கம்பீரம் போய்விட்டது. தலைவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, சரியாகக் காதில் விழுந்ததா என்பது போல அவரைப் பார்த்தார். கருணாகரனுக்கு யாரோ எல்லார் முன்னாலும் அறைந்தது போல இருந்தது. தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. லயத்துப் பெண்கள் கை தட்டினார்கள். யாருக்குத் தட்டுகிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

சிவகாமி உட்காரவில்லை. தனக்கும் ஒரு தீர்மானம் இருக்கிறது என்றார். முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார், கருணாகரனிடம்கூடச் சொல்லாமல். ஒரு வட்டாரத்து ஜனங்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஒன்று கேட்டால், வழிமொழிய உறுப்பினர் இல்லாவிட்டாலும் சபை அதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்று விதியை மாற்ற வேண்டும். அதுதான் அந்தத் தீர்மானம்.

“இங்க வேணாம்னு சொல்லலாம். ஆனா வாயைத் திறந்து சொல்லணும்” என்று முடித்தார்.

தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “இதற்கும் ஒருவர் வழிமொழிய வேண்டுமே” என்றார்.

சபை சிரித்தது. சிரிப்பு அடங்கும்போது நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. வக்கீல் கணேசமூர்த்தி எழுந்து நின்றிருந்தார். ஒரு கையால் மேசையைப் பிடித்திருந்தார். 

“வழிமொழிகிறேன்” என்றார்.

 சேதுராமன் அவருடைய சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார். நியமன உறுப்பினராகப் பல வருஷம் இருந்தும், தலைவர் அவர் குரலைக் கேட்டது ‘ஆம்’ சொல்வதற்கு மட்டும்தான். அன்றைக்கு அந்த விதியைப் பற்றிச் சபை வெகுநேரம் பேசியது. பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. கடைசியில் ஆதரித்துத் தூக்கியவை இரண்டு கைகள் மட்டுமே. தீர்மானம் தோற்றது.

வெளியே படிக்கட்டில் கருணாகரன் சிவகாமியை மறித்தான்.

“என்னா மிஸ்ஸி இது? அவன் திருடுனதுக்கு நீங்க ரசீது போட்டுக் கொடுத்திட்டீங்க. கல்வெட்டுல அவன் பேருதான் இருக்கும். இதுக்கா தெருத் தெருவா நடந்தோம்?”

சிவகாமி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் முகம் சிவந்திருந்தது.

“அவர் கட்சியிலேயே ஒருத்தர் எழுந்திருந்தா அது அவங்க பாலம். நான் எழுந்ததால அது சபையோட பாலம். நாளைக்குக் கட்டாம விட முடியாது.”

“உங்க பாலம் மிஸ்ஸி அது!”

“அஞ்சலை தலையைப் புடிச்சிட்டிருந்தது நானு” என்றார் சிவகாமி. “நீ இல்ல தம்பி.”

கருணாகரன் வழியை விட்டான். அதற்குப் பிறகு பல மாதம் அவன் அவரோடு பேசவில்லை. அவருடைய சைக்கிள் பழுதானால் கடைப் பக்கம் வராமல் பாசாரில் கொடுத்துச் சரிசெய்துகொண்டார்.

வக்கீல் பயந்தது அப்படியே நடந்தது. அந்த வருஷம் அவருடைய நியமனம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. அவர் நாற்காலிக்கு வந்தவர் இந்தியர் இல்லை. கருணாகரன் இதைக் கேள்விப்பட்டு ஒரு நாள் அவர் ஆபீசுக்குப் போனான். என்ன சொல்வதென்று யோசிக்காமலே போய், உட்கார்ந்து, ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்தான்.  வெளியே வரும்போது அவனுக்குக் கண் கலங்கியது.

பாலம் வந்தது. சிமெண்டுப் பாலம், இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி. கல்வெட்டில் சேதுராமன் பேர் இருந்தது. சிவகாமி முதல் ஆளாகச் சைக்கிளை விட்டு இறங்காமலே அதைத் தாண்டிப் போனார். அடுத்த மழையில் ஆம்புலன்ஸ் லயத்து வாசல்வரை போய், ஒரு பெண்ணையும் வயிற்றுப் பிள்ளையையும் உயிரோடு கொண்டு போனது. கருணாகரன் தன் கடை வாசலில் நின்று அந்த வண்டி போவதைப் பார்த்தான். அன்று சாயங்காலம் அவனாகவே செட்டிக் கம்பத்துக்குப் போய்ச் சிவகாமியிடம் பேசினான். என்ன பேசினார்கள் என்பதைவிட, ருக்மணி கொடுத்தனுப்பிய மீன் குழம்பை அவர் வாங்கிக்கொண்டார் என்பது முக்கியம்.

சிவகாமியின் தவணை முடிந்து மறுபடி தேர்தல் வந்தபோது, குடைச் சின்னத்துக்குக் கருணாகரன் முன்பைவிட உற்சாகமாக ஆள் சேர்த்தான். லயத்தில் இப்போது பெரும்பாலோருக்குக் குடியுரிமை வந்துவிட்டது. தோற்க வழியே இல்லை என்று கணக்குப் போட்டான். பெரிய கட்சி யாரை நிறுத்தப்போகிறது என்று வேட்புமனு நாள்வரை தெரியவில்லை.

வேட்புமனு ஆபீசில் சேதுராமனின் காரிலிருந்து இறங்கியவன் மருதமுத்து.

வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. நகரசபை வேலையை விட்டு லாரிக் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதமாகியிருந்தது. நகரசபைச் சம்பளக்காரன் தேர்தலில் நிற்க முடியாது; ஏன் விட்டான் என்று கருணாகரனுக்கு இப்போதுதான் புரிந்தது.  இந்தியரை நிறுத்தினால் டெப்பாசிட் மிஞ்சாது என்று சொன்ன கட்சி இது. மிஸ்ஸி ஜெயித்துக் காட்டியதால்தான் அவர்களுக்குத் தைரியம் வந்திருக்கிறது.

“மருதமுத்து” என்று கூப்பிட்டான்.  “அஞ்சலைய நெனைச்சுப் பாத்தியாடா?”

மருதமுத்து நின்றான். இந்த முறை அவன் ஒடுங்கவில்லை. “தெனமும் நெனைக்கிறேண்ணே. அன்னிக்கு நான் உங்க பக்கத்துலதான உட்கார்ந்திருந்தேன்? மிஸ்ஸி நின்னுட்டே இருந்தாங்க, ஒருத்தனும் எழல. நான் எழுந்தா எனக்குப் பின்னால வரிசையா எழுவாங்கண்ணே. லயத்துக்கு லைட்டு வேணும். குழாய் வேணும். இன்னும் எவ்ளோ நாளைக்கு நின்னுட்டே இருக்கிறது?”

 தன் வேட்புமனுவோடு வந்து கேட்டுக்கொண்டிருந்த சிவகாமி மருதமுத்துவிடம் போய், “புள்ள எப்பிடி இருக்கா? பல்லு விழுந்திடுச்சா?” என்று கேட்டார். “ரெண்டு விழுந்திடுச்சு மிஸ்ஸி” என்றான். அப்போதுதான் அவன் தலை குனிந்தது.

சிவகாமி தோற்றார். மலாய்க் கம்பத்திலும் கடைத்தெருவிலும் அவருக்கு ஓட்டு விழுந்தது. லயம் முழுக்க மருதமுத்து பக்கம் போய்விட்டது. எண்ணி முடித்ததும் அவர் மருதமுத்துவுக்குக் கைகொடுத்துவிட்டு, விறுவிறுவென்று வெளியேறினார்.

கருணாகரன் வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்தான். “நம்ம ஆளுங்களே கவுத்துட்டாங்க” என்றான். “சொந்த ஆளுங்களே.”

ருக்மணி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “நானும் மருதமுத்துக்குத்தான் போட்டேன்.”

பிசைந்த கை சோற்றிலேயே நின்றது. அவன் அவளைப் பார்த்தான்.

“உங்களுக்குத் தெரியாம இருக்கணும்னு இல்ல” என்றாள் ருக்மணி. “நம்ம மூணு புள்ளைங்களையும் மிஸ்ஸிதான் எடுத்தாங்க. அவங்க சாமி மாதிரி. ஆனா ஒரு ஆளா அங்க போய் அவங்க படுற அவமானத்த என்னால மறுபடி பாக்க முடியாதுங்க. அன்னிக்கே வெளிய வந்து அழுதேன். மருதமுத்து நம்ம ஆளு. அவனுக்காவது பக்கத்துல ஆளு இருக்கட்டும். போன வாரமே மிஸ்ஸிகிட்ட போய்ச் சொல்லிட்டேன்.”

“சொல்லிட்டியா? அவங்ககிட்டயேவா?”

“ஆமா.  ‘சொன்னதுக்கு நன்றி, மத்தவங்க யாரும் சொல்லல’ன்னாங்க.”

கருணாகரன் சாப்பிடாமல் எழுந்துவிட்டான். மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் நேராகச் செட்டிக் கம்பத்துக்குப் போனான். சிவகாமி வாசலில் உட்கார்ந்து, வெந்நீரில் போட்டெடுத்த கத்தரிக்கோலைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். கண் வீங்கியிருந்தது. அவர் அழுவார் என்று கருணாகரன் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவன் திகைத்துப்போய் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“ருக்மணிய ஏசாத” என்றார் அவர் முந்திக்கொண்டு.

“ஏசல மிஸ்ஸி. நீங்க... நீங்களும் மருதமுத்துக்கே போட்டிருப்பீங்களோன்னு ராத்திரியெல்லாம் தோணுச்சு.”

சிவகாமி நிமிர்ந்து அவனைப் பார்த்தார். ஒரு கணம் கோபம் வந்தது போல இருந்தது. “நான் எதுக்கு அவனுக்குப் போடணும்? எனக்கேதான் போட்டேன். தோக்கணும்னு யாருக்கு தம்பி ஆசை?”

கத்தரிக்கோலைப் பையில் வைத்து மூடினார். கம்பத்தில் ஒரு வீட்டில் வலி எடுத்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். “வரயா, பேசிட்டே போலாம்” என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். கருணாகரன் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடந்தான்.